துணி விற்று வாங்கிய சுதந்திரம்

செங்கற்பட்டிலிருந்து அரக்கோணம் போகும் ரயிலில் ஏறினால், காஞ்சிபுரத்துக்கு முன்னால் வாலாஜாபாத் என்று ஒரு ஸ்டேஷன் வரும். அநேகமாக நீங்கள் அங்கே இறங்கியிருக்க மாட்டீர்கள். காஞ்சியில் காமாட்சியும் வரதராஜரும் பட்டுக் கடைகளும் காத்திருக்கும்போது நடுவழியில் இறங்க யாருக்கு மனம் வரும்? ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிக்கொண்டு பாலாற்றங்கரையில் இருக்கிறது இந்த ஊர். ஒரு காலத்தில் கும்பினிப் பட்டாளம் இங்கே முகாம் போட்டிருந்தது. இப்போது நவாபும் இல்லை, பட்டாளமும் இல்லை. வருஷத்தில் பாதி நாள் ஆற்றில் தண்ணீரும் இல்லை. தறிச் சத்தம் மட்டும் இன்னும் கேட்கிறது. வாலாஜாபாத்துக்கும் காஞ்சிக்கும் இடையே ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று நெசவாளர் ஊர்கள் உண்டு. அந்தத் தெருக்களில் ஒரு தடவை நடந்து பாருங்கள். அப்புறம் உங்களைப் பட்டணத்துக்கு அழைத்துப் போகிறேன்.

ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையருகே நின்று உள்ளே எட்டிப் பார்த்தால், குழிக்குள் காலை விட்டுக்கொண்டு ஒருவர் தறியில் உட்கார்ந்திருப்பார். புடைவையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் தனித்தனியாக நெய்து தைப்பதில்லை. நெய்யும்போதே ஓர் ஊடை இழையை இன்னோர் ஊடை இழையோடு பின்னிப் பிணைத்துவிடுகிறார்கள். இதற்குத்தான் கோர்வை என்று பெயர். அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா எறிய இரண்டாவது ஆள் வேண்டும். அது மனைவியாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம். இரண்டு பேர், நான்கு கைகள், இரண்டு மூன்று வாரம். அதற்குப் பிறகு ஒரு புடைவை தறியிலிருந்து இறங்குகிறது. மயிலும் அன்னமும் கோபுரமும் ருத்திராட்சமும் ஜரிகையில் வரிசையாக நிற்கின்றன.

அதே புடைவை கல்யாண வீட்டுக்கு வருகிறது. பெண்மணிகள் முந்தானையைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். என்ன கேட்கிறார்கள்? "எந்தக் கடையில் எடுத்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். "யார் நெய்தது?" என்று கேட்டதை நீங்கள் எப்போதாவது காதால் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. கதைக்கு ஆசிரியர் பெயர் உண்டு. பாட்டுக்கு வித்துவான் பெயர் உண்டு. கோயில் திருப்பணிக்கு உபயதாரர் பெயரைக் கல்லிலேயே வெட்டிவிடுகிறார்கள். ஆறு கஜத்துக்குச் சித்திரம் தீட்டியவர் பெயர் மட்டும் எங்கும் கிடையாது.

நெசவாளருக்குச் சித்திரம் இருந்தது, கையெழுத்து இல்லை. இதற்கு நேர் எதிரான சங்கடத்தில் மாட்டிக்கொண்டு சென்னையில் சிலர் விழித்தார்கள். அவர்களுக்குப் படத்தின் மூலையில் கையெழுத்து இருந்தது. கையெழுத்துக்கு மேலே இருந்த படம் தங்களுடையதுதானா என்பதில்தான் சந்தேகம்!

அந்தச் சந்தேகம் பிறந்த இடத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழும்பூரைத் தாண்டிப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போனால், சிவப்புக் கட்டடங்களோடு ஒரு பெரிய தோப்பு மாதிரி இருக்கிறதே, அந்த அரசாங்கக் கலைக் கல்லூரிதான். 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் ஆரம்பித்தது. வைத்தியருக்குச் சித்திரப் பள்ளி எதற்கு என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்குப் பொழுது நிறைய இருந்தது. மரவேலை, உலோகவேலை, மண்பாண்டம், நகாசு என்று கைத்தொழில்தான் அங்கே பிரதானம். 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைவராக வந்தார். முதல் இந்தியத் தலைவர் அவர். மெரீனாவில் நாலு பேர் பாறையை நெம்பிக்கொண்டு நிற்கிறார்களே, 1959-ல் வைத்த அந்த உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம்தான். மல்யுத்தக்காரர் மாதிரி ஆசாமி. மாணவர்களுக்கு அவரிடம் பயமும் பக்தியும் சம அளவு.

அவரிடம் படித்து, அங்கேயே ஆசிரியராகி, 1957-ல் அதே நாற்காலியில் அமர்ந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-ல் கோயமுத்தூரில் பிறந்த மலையாளி. தந்தி இலாகா உத்தியோகத்தை உதறிவிட்டுச் சித்திரப் பள்ளியில் சேர்ந்தவர். சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டு ஒருவர் படம் போடப் போனால் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார். தென்னந்தோப்பு, கால்வாய், தோணி என்று வர்ணஜாலமாக எழுதிக்கொண்டிருந்தவர், 1954-ல் ஐரோப்பா போய்த் தம் படங்களைக் காட்டினார். அங்கே உள்ள காட்சிச் சாலைகளையெல்லாம் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்ததும் ஒரு கேள்வி அவரைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தது. வான்கோவைப் போல எழுதினால் வான்கோவின் நிழல். அஜந்தாவைப் போல எழுதினால் அஜந்தாவின் நிழல். சரி, பணிக்கர் எங்கே?

விடை கிடைக்கப் பத்து வருஷம் ஆயிற்று. கிடைத்த இடம் வேடிக்கையானது. ஒரு மாணவனின் அல்ஜீப்ரா நோட்டுப் பக்கந்தான் அதற்கு வித்து என்று சொல்வார்கள். கணக்குப் புரியாதவனுக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரியும்? எண்களும் எழுத்துக்களும் குறிகளும் நெருக்கியடித்துக்கொண்டு, ஏதோ மந்திரம் போல அல்லவா தெரியும்? 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையை அவர் தொடங்கினார். ஜாதகக் கட்டம், மீன், பறவை, பாம்பு, எண்கள், சுற்றிலும் பொடிப் பொடியாக மலையாள எழுத்துக்கள். மலையாளம் தெரிந்தவர்கள் ஆவலோடு அருகே போய் வாசிக்கப் பார்த்து ஏமாந்து போவார்கள். அர்த்தம் இல்லாத எழுத்து அது! நம் பாட்டிமார் பெட்டியில் மஞ்சள் தடவி மடித்து வைத்திருக்கும் ஜாதகத்தை வாசித்துப் புரிந்துகொண்டவர் நம்மில் எத்தனை பேர்? புரியாவிட்டாலும் அது நம்முடையது என்று தெரிகிறதல்லவா? பணிக்கர் பிடித்தது அந்த இடத்தைத்தான்.

அவர் மட்டும் இல்லை. கோயிலில் மூலவருக்கு வெள்ளிக் கவசம் சாத்துவார்கள், பார்த்திருப்பீர்கள். பி. வி. ஜானகிராம் அந்தத் தகட்டு வேலையை எடுத்துக்கொண்டார். செம்புத் தகட்டைத் தட்டி, வளைத்து, கம்பியை ஒட்டி, முன்பக்கம் மட்டுமே உள்ள உருவங்களைச் செய்தார். சுற்றி வந்து பார்க்கும் ஐரோப்பியச் சிலை அல்ல, எதிரே நின்று தரிசிக்கும் சிலை. ரெட்டப்ப நாயுடு தெய்வ உருவங்களைக் கோடுகளாக்கினார். சந்தானராஜ், தனபால், முனுசாமி, சுல்தான் அலி என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வழி. இவர்களை ஒரே பட்டியலில் போடுவது அவர்களுக்கே பிடிக்காது. ஒருவர் வழி இன்னொருவர் வழியாக இருக்கக் கூடாது என்பதுதான் அங்கே நடந்த சண்டைகளுக்கெல்லாம் மூலகாரணம்.

ஆனால் வழி கண்டுபிடித்தால் போதுமா? வயிறு என்று ஒன்று இருக்கிறதே! கல்லூரியில் ஐந்தாறு வருஷம் படித்துவிட்டு வெளியே வரும் பையனுக்கு அந்த நாளில் என்ன வேலை? பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். இல்லாவிட்டால் விளம்பரக் கம்பெனி. அதுவும் இல்லாவிட்டால் மவுண்ட் ரோடில் சினிமா பானர். படம் வாங்கும் பணக்காரர்கள் பம்பாயில் இருந்தார்கள். சென்னைப் பணக்காரர் வைர மூக்குத்தி வாங்குவார், கச்சேரிக்கு நன்கொடை தருவார், படம் வாங்க மாட்டார். நல்ல கை வாய்த்த பையன்கள் உத்தியோகத்தில் போய்ச் சேர்ந்து, நாலு வருஷத்தில் தூரிகையை மறந்துபோவதைப் பணிக்கர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இங்கேதான் துணி வருகிறது. மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் அமைத்து, 'பாத்திக்' துணி போட ஆரம்பித்தார்கள். ஜாவாத் தீவு இதற்குப் பேர் போன இடம். முறை என்னவோ சுலபம்தான்: உருக்கிய மெழுகைக் கொண்டு துணிமேல் சித்திரம் எழுத வேண்டும். பிறகு சாயத்தில் முக்க வேண்டும். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. இன்னொரு நிறம் வேண்டுமானால் மறுபடி மெழுகு, மறுபடி சாயம். கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை எடுத்துவிட்டால் சித்திரம் வெளிப்படும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் கசிந்து, மெல்லிய நரம்பு நரம்பாகக் கோடுகள் ஓடியிருக்கும். இந்தக் கோடுகள் மட்டும் யார் இஷ்டத்துக்கும் கட்டுப்படாது. அதனாலேயே ஒரு துணி போல இன்னொரு துணி இருக்காது. பகலில் சாயத்தொட்டி, மீதி நேரத்தில் படம். விற்ற பணத்தைச் சேர்த்து வைத்தார்கள். ஒரு பிரபுவின் வாசலிலும் போய் நிற்கவில்லை. 1966-ல் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில், கடலோரமாகச் சில ஏக்கர் மணலை வாங்கினார்கள்.

சவுக்கும் தாழையும் நண்டும்தான் அப்போது அங்கே குடியிருந்தன. இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விலை கேட்டால் மயக்கம் வரும். அன்று அது ஊருக்கு வெளியே. முப்பது நாற்பது பேர் சேர்ந்த கூட்டம். கீற்றுக் கொட்டகை போட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சொந்த வீடு கட்டிக்கொண்டார்கள். ஊருக்கு 'சோழமண்டலம்' என்று பெயர் வைத்தார்கள்.

பெயரில் ஒரு பொருத்தம் இருக்கிறது, கவனித்தீர்களா? சோழமண்டலம் என்பதைத்தான் பறங்கிகள் வாய்க்கு வந்தபடி 'கோரமாண்டல்' என்று திருப்பினார்கள். அந்தக் கரையைத் தேடி அவர்கள் கப்பல் விட்டதே துணிக்காகத்தான். மெழுகிட்டும் சாயமிட்டும் எழுதிய கலம்காரித் துணி இந்தக் கரையிலிருந்து ஜாவாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயிற்று. அந்த நாள் நெசவாளனுக்கு ஓர் உரிமை இருந்தது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு நெய்வான். பிடிக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வான். வியாபாரிக்கு அந்த உரிமை கிடையாது. கொடுமை மிஞ்சினால் தறியைக் கழற்றிக்கொண்டு கூட்டமாக வேறு சீமைக்கே போய்விடுவார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கும்பினியார் கை ஓங்கிய பிறகுதான் அந்த வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. அதே கரையில், அதே மாதிரித் துணியை விற்று, "எங்கள் இஷ்டப்படி எழுதுவோம்" என்று இருபதாம் நூற்றாண்டில் சிலர் ஒரு வாசலைத் திறந்தார்கள்.

எல்லோருக்கும் அது சொர்க்கமாக இருந்தது என்று சொன்னால் பொய். ராமானுஜம் என்ற இளைஞரின் கதையைக் கேளுங்கள். குள்ளமான உருவம், பேச்சு திக்கும். வெளி உலகத்தில் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். பணிக்கர் அவரை அழைத்து வைத்துக்கொண்டார். காகிதத்தில் மட்டும் ராமானுஜம் சக்கரவர்த்தி! கருப்பு மையில் நெளிநெளியாகக் கோடிழுத்து, மாளிகைகளும் நாகங்களும் தேவமாதர்களும் நிறைந்த ஓர் உலகத்தை எழுதுவார். அதற்கு நடுவில் தொப்பி போட்ட ஒரு கனவான் உலாவிக்கொண்டிருப்பார். யார் என்கிறீர்களா? அவரேதான். தெருவில் கிடைக்காத மரியாதையைக் காகிதத்தில் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டார். 1973-ல், முப்பத்து சொச்சம் வயதில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அந்தப் படங்களின் எதிரே நின்று பார்க்கும்போது, அவற்றை எழுதிய கையை நினைத்து மனம் கனக்கிறது.

பெண்களும் அங்கே இருந்தார்கள் என்பதை நம் வாசகிகளுக்காகச் சொல்லியே ஆகவேண்டும். அர்னவாஸ் என்ற பார்ஸிப் பெண்மணி கோட்டோவியமும் உலோகத் தகட்டு வேலையும் செய்தார். அனிலா ஜேக்கப் சிற்பம் செய்தார். ஓவியருக்கு மனைவியாக இருப்பதே பெரிய காரியம் என்று நினைத்த காலத்தில் அவர்கள் தாங்களே ஓவியரும் சிற்பியுமாக இருந்தார்கள்.

எல்லோரும் கடற்கரைக்குப் போகவில்லை. சிலர் மாதச் சம்பளத்துக்கே போனார்கள். ஆனால் அவர்கள் போன இடம் நம் கதைக்கு மிகவும் வேண்டியது. 1956-ல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் நெசவாளர் சேவை மையங்கள் என்று ஆரம்பித்தது. காஞ்சிபுரத்திலும் ஒன்று உண்டு. புதிய டிசைன் போட்டு நெசவாளருக்குக் கொடுப்பது அங்கே வேலை. புபுல் ஜெயகர் அம்மையார், இந்த வேலைக்கு நவீன ஓவியர்களையே அமர்த்தினால் என்ன என்று துணிந்தார். ரெட்டப்ப நாயுடு வந்தார். திருச்சி ஜில்லாக் கீராம்பூரிலிருந்து வந்த கே. எம். ஆதிமூலம் பல வருஷம் அந்த உத்தியோகத்தில் இருந்தார். 1969-ல் காந்தி நூற்றாண்டையொட்டி நூறு காந்திப் படங்களைக் கோடுகளிலேயே எழுதியவர், தமிழ்ப் புத்தக அட்டைகளில் எழுத்துக்கு ஒரு புது நடை கொடுத்தவர், 2008-ல் மறைந்தார். வீர சந்தானமும் அங்கேதான் வேலை பார்த்தார்.

வங்காளத்திலிருந்து ஜோகேன் சௌத்ரி கூட வந்தார். ஃபரீத்பூரில் பிறந்து, தேசப் பிரிவினையில் சொந்த மண்ணை இழந்து கல்கத்தா சேர்ந்தவர். பாரிஸில் படித்துவிட்டு, 1968-ல் சென்னைக்கு வந்து நாலு வருஷம் கைத்தறி டிசைன் போட்டார். பாரிஸ் பாணியில் எழுதுவதா, தம் பாணி என்று ஒன்று உண்டா என்ற குழப்பத்தோடு வந்தவருக்கு, 'ஒரு கனவின் நினைவுகள்' என்ற படவரிசை சென்னையில்தான் பிறந்தது. பகலெல்லாம் பூவும் கொடியும் கரையும் முந்தானையும் எழுதிய கைதான் இரவில் அதை எழுதியது. ஊரிழந்த ஒரு வங்காளிக்குத் தம்மைக் கண்டுகொள்ளத் தறி ஓசை கேட்கும் உத்தியோகம் ஒத்தாசை செய்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நெசவாளருக்கு என்ன கிடைத்தது? டிசைன் கிடைத்தது. கட்டம் போட்ட காகிதத்தில் சித்திரம் வரும். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அட்டை வரிசையைத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். துளை உள்ள இடத்தில் பாவு இழை எழும்பும், இல்லாத இடத்தில் படிந்து கிடக்கும். காகிதத்தில் இருந்தது அப்படியே புடைவையில் ஏறிவிடும். இதில் நெசவாளரின் இஷ்டம் எங்கே வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் வருகிறது. எந்தச் சிவப்போடு எந்தப் பச்சை சேரும், கோர்வை எங்கே இறுக வேண்டும், ஜரிகை எங்கே கூசும் என்பது அவருடைய கண்ணுக்கும் விரலுக்கும்தான் தெரியும். காஞ்சி நெசவாளர்கள் தேசிய விருது வாங்கியிருக்கிறார்கள். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தக் குறியீடு ஊரின் பெயரைச் சொல்கிறது. ஆளின் பெயரைச் சொல்வதில்லை. நூலும் ஜரிகையும் வேறொருவர் கொடுக்க, கூலிக்கு நெய்கிறவருக்கு, தாம் நெய்த புடைவை எந்த ஊருக்கு, எந்தக் கல்யாணத்துக்குப் போயிற்று என்பது கூடத் தெரியாது.

பணிக்கர் 1977-ல் காலமானார். அவர் மகன் நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் சிற்பம் செய்து பெரும் பெயர் எடுத்தார். 2017-ல் மறையும் வரை சோழமண்டலத்தைக் கட்டிக் காத்தார். 2009-ல் அங்கே திறந்த காட்சிச் சாலையில், மேலே சொன்ன ஆசாமிகளில் பலரை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். தகப்பன் தொழிலை விட்டு ஓடத்தான் சுதந்திரம் வேண்டும் என்று நினைக்கிறோம். அங்கே மகன் தகப்பன் தொழிலையே இஷ்டப்பட்டு எடுத்துக்கொண்டார்.

வாலாஜாபாத் பக்கத்தில் இப்போது நடப்பது வேறு. அங்கிருந்து வண்டலூர் போகும் சாலையில் ஒரகடம் இருக்கிறது. கார், லாரி, டயர் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். காலையில் கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாக வந்து நின்று பையன்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு போகின்றன. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஏறுகிறார்கள். ஓவியர்கள் சம்பளத்தை விட்டுவிட்டுச் சாயத்தொட்டிக்கு வந்தார்கள்; இவர்கள் தறியை விட்டுவிட்டுச் சம்பளத்துக்குப் போகிறார்கள். கலை அழிகிறதே என்று பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் பெருமூச்சு விடலாம். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து முதுகு வளைந்த தகப்பனார் பெருமூச்சு விடுவதாகத் தெரியவில்லை. பிள்ளைக்கு ஒன்றாம் தேதி பணம் வருகிறதே என்கிற நிம்மதிதான் அவருக்கு. கோர்வைக்கு அந்தப் பக்கம் நாடா எறிய ஆள் கிடைப்பதில்லை என்பது மட்டும் குறை.

அந்தப் பையன் பஸ்ஸில் ஏறும்போது கவனித்துப் பாருங்கள். கழுத்தில் ஒரு நாடா. அதன் முனையில் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் அவன் படமும் முழுப் பெயரும் அச்சடித்திருக்கிறது.